தனிமைப் பாட்டுக்கு எதுக்கு ரெண்டு குரல்?

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். நீங்க ஒரு இசையமைப்பாளர்னு வச்சுக்குங்க. இயக்குநர் வந்து, "ஊரே கும்பிடுற ஒரு பெரிய மனுஷன், ஆனா உள்ளுக்குள்ள தனி ஆள். அவருக்கு ஒரு பாட்டு வேணும்" என்கிறார். எத்தனை பேரைப் பாட வைப்பீங்க?

ஒருத்தரைத்தான். தனிமைன்னாலே ஒருத்தர்தானே? லாஜிக் அப்படித்தான் சொல்லும்.

ஆனா தமிழ்ல தனிமையைப் பற்றி வந்த பாட்டுகளில் இன்னைக்கும் லாரி கேபின்லயும் டீக்கடையிலயும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலயும் ஓடிக்கிட்டிருக்கிற ஒண்ணு, ரெண்டு பேர் பாடினது. 'முதல் மரியாதை' படத்தின் 'பூங்காத்து திரும்புமா'. தனிமைப் பாட்டு ஏன் டூயட்டா இருக்கு? இந்தப் பாடத்தில் நாம் விடை தேடப்போவது அந்த ஒரே கேள்விக்குத்தான். முதல்ல ஒரு தடவை ஹெட்போன் போட்டு முழுசா கேட்டுட்டு வாங்க. கேட்டாச்சா? சரி, உள்ள போவோம்.

1. யார், எப்போ, எதுக்கு

படம் வெளிவந்தது 1985 ஆகஸ்ட் 15. இயக்கம் பாரதிராஜா, கதை ஆர். செல்வராஜ், இசை இளையராஜா, பாடல் வைரமுத்து. பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் எஸ். ஜானகியும். அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் இதுதான். வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலாசிரியருக்கான முதல் தேசிய விருது வந்ததும் இந்தப் படத்தில்தான்.

கதையைச் சுருக்கமா சொல்லிடலாம். சிவாஜி கணேசன் நடித்த மலைச்சாமி ஊர்ப் பெரியவர். மாமனுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பொன்னாத்தாவைக் கட்டிக்கொண்டவர். ஒரே கூரைக்குக் கீழே இருக்காங்க, ஆனா சேர்ந்து வாழல. பஞ்சம் பிழைக்க அந்த ஊருக்கு வருகிறாள் பரிசல் ஓட்டும் குயில். அந்த வேடத்தில் நடித்தவர் ராதா. அவளோடு பேசும்போதுதான் மலைச்சாமிக்குச் சிரிப்பு வருது.

இந்தத் தனிமை எந்த வகைன்னு கவனிங்க. காட்டில் வழி தவறியவனுடைய தனிமையோ காதலி விட்டுப் போனவனுடைய தனிமையோ இல்ல. ஊர் முழுக்க ஆள் இருக்கு, வீட்டில் பெண்டாட்டி இருக்கு, தெருவில் இறங்கினா துண்டை இடுப்புக்கு இறக்கும் மரியாதை இருக்கு. ஆனா மனசில் இருக்கிறதைச் சொல்ல ஒரு காது இல்ல. படத்தின் தலைப்பே 'முதல் மரியாதை'. கோயிலில் அவருக்குப் பரிவட்டம் கட்டலாம், ஆனா பரிவட்டத்தோட போய் யார்கிட்டயும் அழ முடியாது. மரியாதையே அவரைச் சுத்தி ஒரு வேலி ஆயிடுச்சு.

குரல் தேர்வையும் பாருங்க. பல வருஷம் சிவாஜி என்றால் டி.எம். சௌந்தரராஜன் குரல்தான். அது கம்பீரமான குரல், சபையில் நின்று பாடும் குரல். இங்கே வருவது மலேசியா வாசுதேவன். மலேசியாவில் பிறந்து, '16 வயதினிலே' (1977) மூலம் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வந்தவர். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மண். தோட்டத்தில் வரப்பு மேல உக்காந்து பாடுற ஒரு ஆளோட குரல். ஊர்ப் பெரியவர் என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மனுஷனா ஒருத்தர் பாடணும்னா, இந்தக் குரல்தான் சரி.

2. இது நம்ம ஊர் 'கன்ட்ரி-பாப்'

அமெரிக்காவில் 'கன்ட்ரி' என்று ஒரு இசை வகை உண்டு. பண்ணை, ரயில், லாரி, மதுக்கடை, பிரிவு, இதெல்லாம் அதன் பாடுபொருள். 1950-களின் கடைசியில் நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோக்களில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். பாட்டின் உடம்பைக் கிராமத்து மெட்டாகவே வைத்துக்கொண்டு, பின்னணியில் நகரத்து வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்தார்கள். கிராமத்துக்காரனும் கேட்டான், நகரத்துக்காரனும் கேட்டான். அந்தக் கலப்புக்குத்தான் கன்ட்ரி-பாப் என்று பேர்.

தமிழில் அந்தத் திருப்பம் நடந்த வருஷம் 1976. படம் 'அன்னக்கிளி'. தெம்மாங்கு மெட்டு, அதுக்குப் பின்னால் கிட்டாரும் வயலின் கூட்டமும். இளையராஜாவின் முதல் படம் அது.

அதுக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு பார்க்க நம்ம சேலத்தை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் அலங்கார வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிக்குது, பஸ்ல போறப்ப பார்த்திருப்பீங்க. அந்த நிறுவனத்தின் 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) படத்தில் 'ஓராயிரம் பார்வையிலே' என்ற பாட்டு, இசை வேதா. அதுவும் ஏக்கத்தில் தோய்ந்த அருமையான பாட்டுதான். ஆனா மெட்டு 1963-ல் வந்த ஓர் இந்திப் படத்துக்கு ரவி போட்டது. அன்றைக்குச் சேலத்து ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் ஒருத்தன் ஏங்கினாலும் பம்பாய் மெட்டில்தான் ஏங்கினான். 1976-க்கு அப்புறம்தான் அவன் தன் ஊர் மெட்டில் ஏங்க ஆரம்பித்தான். 'பூங்காத்து' அந்த வரிசையில் வந்த பாட்டு. சொற்கள் பேச்சு வழக்கு, மெட்டு கிராமத்துது, பின்னணி பெரிய ஆர்கெஸ்ட்ரா.

3. கடல் தாண்டி ஒரு லைன்மேன்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அமெரிக்கப் பாட்டை எடுத்துக்குவோம். குறிப்பா இ.இ.இ. மக்கள் இதைக் கேட்டே ஆகணும். 'விச்சிட்டா லைன்மேன்', வெளிவந்தது 1968. எழுதியவர் ஜிம்மி வெப், பாடியவர் கிளென் கேம்பல். 1946-ல் பிறந்த வெப்புக்கு அப்போ வயசு 22. ஏறக்குறைய உங்க வயசு.

ஓக்லஹோமாவில் ஆளரவமே இல்லாத சமவெளி ரோட்டில் வண்டி ஓட்டிப் போகும்போது, வரிசையா நீளும் கம்பங்களில் ஒன்றின் மேல் தனியா வேலை செய்துகொண்டிருந்த ஒரு லைன்மேனை வெப் பார்த்தார். பாட்டு அங்கிருந்து பிறந்தது. பாட்டில் அந்த லைன்மேன் தன் வேலையைப் பற்றித்தான் பேசுறான். லைனைப் பார்க்கிறான், லோடு பற்றிக் கவலைப்படுறான், லீவு எடுத்தா தேவலைன்னு நினைக்கிறான். நடுவில் கம்பி முனகும் சத்தத்தில் அவளுடைய குரல் கேட்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான்.

காற்றில் கம்பி முனகுவதை நீங்க 'ஏயோலியன் அதிர்வு' என்று படித்திருப்பீங்க. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்கும் 'ம்ம்ம்' சத்தம், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் 100 ஹெர்ட்ஸ் என்றும் தெரியும். மேட்டூரிலிருந்து சோளக்காட்டு மேலே போகும் டவர் லைன் கீழே ராத்திரியில் நின்றிருந்தால், அந்தச் சத்தத்தை ஒரு மனுஷக் குரலாகக் கேட்க எவ்வளவு தனிமை வேணும்னு உங்களுக்குப் புரியும்.

இந்தப் பாட்டில் இசை இலக்கணப்படி ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு 'வீட்டுச் சுருதி' இருக்கும். பாட்டு எங்கே சுத்தினாலும் கடைசியில் அங்கே வந்து இறங்கும்போதுதான் நமக்கு "அப்பாடா" என்று இருக்கும். இந்தப் பாட்டு எஃப் மேஜரில் கிளம்புகிறது, பாதியில் டி-க்கு நகர்கிறது. திரும்ப எஃப்-க்கு வந்து இறங்கவே இல்லை. அப்படியே மங்கி மறைகிறது. லைன்மேனும் வீடு திரும்பல, பாட்டும் வீடு திரும்பல. வெப் இந்தப் பாட்டை முடிக்காத ஒன்றாகத்தான் அனுப்பிவைத்தார். மூன்றாவது சரணம் இல்லை. அந்த இடத்தை ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் கேம்பல் வாசித்த ஒரு துண்டு நிரப்புகிறது. பொறியியல் மாணவர்களுக்கு இன்னொரு தகவல்: இந்தப் பதிவுக்குக் கிடைத்த கிராமி விருது, ஒலிப்பதிவுப் பொறியாளர்களுக்குக் கிடைத்தது.

லைன்மேன் பாட்டில் எத்தனை குரல்? ஒன்றே ஒன்று. அவளுடைய பதில் கடைசி வரைக்கும் வரல. கம்பிதான் முனகுது. இதை மனசில் வச்சுக்கிட்டு நம்ம பாட்டுக்குத் திரும்புவோம்.

4. பாட்டைப் பிரிச்சு மேய்வோம்

(அ) கேள்வி. பாட்டின் தலைப்பே ஒரு கேள்வி. கேட்பது யாரிடம்? காற்றிடம். போன காற்று திரும்பி வருமா என்று யாராவது கேட்பாங்களா? பதில் வராது என்று தெரிந்த இடத்தில்தான் மலைச்சாமி கேட்கிறார். பதில் சொல்லக்கூடிய ஒரு ஆளிடம் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. அடுத்து அவர் கேட்பதும் காதலியை அல்ல, தலை சாய்க்க ஒரு தாய் மடியை. நரைத்த மீசையோடு ஒரு பெரிய மனுஷன் அதைக் கேட்கிறார். இந்த இடத்தில் பாட்டு காதல் பாட்டு என்ற கோட்டைத் தாண்டிவிடுகிறது.

(ஆ) பொருள். தனிமை, வேதனை, துயரம் என்று பெரிய வார்த்தைகளைக் குவிக்காமல் பாடலாசிரியர் ஒரு படுக்கையைக் கொண்டுவந்து போடுகிறார். காசு இருந்தது, படுக்கை வாங்கியாச்சு. உறக்கத்தை எந்தக் கடையிலும் விற்கல என்ற பொருளில் ஒரு வரி. கேட்கிற எல்லாருக்கும் புரிகிற கணக்கு அது. லைன்மேன் பாட்டில் கம்பி செய்கிற வேலையை இங்கே படுக்கை செய்கிறது. ரெண்டு பாட்டிலும் உணர்ச்சியை ஏற்றி வைக்க, கையால் தொடக்கூடிய ஒரு சாமான் இருக்கு. கவிதை எழுதும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

(இ) வேஷம். உள்ளே அழுகை, வெளியே சிரிப்பு, அந்த வேஷத்தை நல்லாவே நடிக்கிறேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். "நல்லாருக்கேன்" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்? அதுதான் இது.

(ஈ) பதில். இப்போ முக்கியமான இடம். அவர் யாருக்காகவும் பாடல. தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் வாங்கிப் பாடுகிறது. யார் என்று அவருக்குத் தெரியாது.

அந்தப் பதிலை இலக்கணக் கண்ணோடு பாருங்க. 'திரும்பும்' என்பது 'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினைமுற்று. அதோடு 'ஆ' என்ற வினா எழுத்து சேர்ந்து 'திரும்புமா' ஆகிறது. அவர் தன் வரிகளை இந்த 'உமா' என்ற முடிவில் கட்டுகிறார். அவள் பதில் சொல்லும்போது என்ன செய்கிறாள்? முடிவை மாற்றுவதே இல்லை. அதே மெட்டு, அதே 'உமா', அதே கேள்வி வடிவம். கேள்விக்குக் கேள்வியாலேயே பதில். வானம் எங்காவது சிறுத்துப்போகுமா என்ற மாதிரி கேட்கிறாள். அவர் போட்டு வைத்த தாளத்துக்குள் நுழைந்து, அவர் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

அவள் சொல்லும் வரிசையும் முக்கியம். முதல்ல அவருக்கு இருக்கும் வருத்தத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். அப்புறம் அவருடைய உயரத்தை நினைவுபடுத்துகிறாள். அப்புறம் இந்த வலி யாருக்குத்தான் இல்லை என்கிறாள். கடைசியாகத்தான், அந்த வேஷத்தைக் கொஞ்சம் மாத்திக்கலாமே என்று மெல்ல ஒரு யோசனை. "எல்லாம் சரியாயிடும்" என்று எங்கேயும் சொல்லவே இல்லை. மலைச்சாமியின் கல்யாணப் பிரச்சினை பாட்டு முடியும்போதும் அப்படியேதான் இருக்கு. ஒண்ணுமே தீரல. ஆனா ஆள் தெளிந்துவிடுகிறார். யார் அந்தக் குயில் என்று தேட ஆரம்பிக்கிறார்.

5. எசப்பாட்டு என்ற வடிவம்

இப்படி ஒருத்தர் பாட, இன்னொருத்தர் அதே மெட்டை வாங்கிப் பதில் பாடுவதற்கு நாட்டார் வழக்கில் பேர் எசப்பாட்டு. நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்குவார்கள். இந்த வரப்பில் ஒருத்தன் சீண்டிப் பாடினால், அந்த வரப்பிலிருந்து பதில் வரும். இழவு வீட்டு ஒப்பாரியைக் கவனித்திருப்பீங்க. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கொண்டு, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது, ஆனா அதைக்கூடத் தனியா அழ விடுறதில்லை.

நெட்வொர்க்ஸ் பேப்பர் படித்தவர்களுக்கு இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிடலாம். டிசிபி-யில் ஒரு பாக்கெட் அனுப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து 'அக்னாலட்ஜ்மென்ட்' வரணும். "உன் பிரச்சினையைத் தீர்த்துட்டேன்" என்று அதுக்கு அர்த்தம் இல்லை. "நீ அனுப்பினது எனக்கு வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்பது மட்டும்தான். அது வராவிட்டால் அனுப்பியவன் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பான், ஒரு கட்டத்தில் விட்டுவிடுவான். யூடிபி-யில் இதெல்லாம் கிடையாது. அனுப்பு, மற. போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. விச்சிட்டாவின் லைன்மேன் யூடிபி-யில் பாடுகிறான். மலைச்சாமியும் அப்படித்தான் தொடங்குகிறார், காற்றில் விட்டுவிடுகிறார். குயில்தான் அதை டிசிபி ஆக்குகிறாள்.

தலைப்புக் கேள்விக்கு இங்கேதான் விடை. தனிமை என்பது ஆள் இல்லாத நிலை அல்ல, பதில் வராத நிலை. அதை ஒரு குரலால் சொல்லலாம், லைன்மேன் பாட்டு அதைப் பிரமாதமாகச் சொல்கிறது. ஆனா பதில் வந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ரெண்டாவது குரல் வேணும். எசப்பாட்டு மரபில் வளர்ந்த மண், தன் தனிமைப் பாட்டை ரெண்டு குரலில் எழுதியதில் ஆச்சரியம் இல்லை. இந்த வடிவத்தில் ஒரு குரல் மட்டும் இருந்தால் அது பாதிப் பாட்டு. மீதிக்கு இடம் விட்டு வச்சிருக்கும்.

6. நம்ம சமவெளியில் அந்த ரெண்டாவது குரல் எங்கே?

சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். இங்கே பல விவசாயக் குடும்பங்கள் ஊருக்குள் நெருக்கி வீடு கட்டிக்கொள்வதில்லை. அவரவர் காட்டில், தோட்டத்தில் தனித் தனி வீடு. அடுத்த வீட்டு விளக்கு ரெண்டு வயல் தாண்டி எரியும். முன்பு கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டிய காலத்தில் பாட்டு இருந்தது. கவலை ஓட்டுபவர் பாடினால், வாய்க்காலில் மடை திருப்புபவருக்குக் கேட்கும். அப்புறம் கரண்ட் மோட்டார் வந்தது. ஸ்விட்ச் போட்டால் போதும், ரெண்டாவது ஆள் தேவையில்லை. உழைப்பு குறைந்தது, அது நல்லதுதான். கூடவே பதில் பாடும் ஆளும் போய்விட்டார். தண்ணீர் இன்னும் ஆழத்துக்குப் போனதும் போர்வெல் வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்களுக்கெல்லாம் போய் மாதக்கணக்கில் துளை போடுகின்றன. அந்த வண்டியோடு போகும் பையன்களுக்கு உங்க வயசு இருக்கும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுறாங்க, சங்ககிரியிலிருந்து லாரி கிளம்புது. ராத்திரி ரெண்டு மணிக்கு 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் போகும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கிளீனர் தூங்கிட்டிருப்பார். அப்போ ஓடுவது பெரும்பாலும் இளையராஜாதான். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனா தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் பாடிக்கிட்டேதான் இருக்கும். இந்தப் பாட்டு இங்கே இத்தனை வருஷம் நின்றதுக்குக் காரணம் சிவாஜி மட்டும் இல்ல. தன் வாழ்க்கையில் வராத ரெண்டாவது குரலை அந்த ஐந்து நிமிஷத்துக்கு இந்தப் பாட்டு கடன் கொடுக்குது.

அடுத்து நம்மளையே பார்ப்போம். நம்மில் பலர் ஆறாவதிலிருந்தோ பதினொன்றிலிருந்தோ ஹாஸ்டல்தான். ஒரு ரூமில் நாலு பேர், ஒரு பிளாக்கில் இருநூறு பேர். ஆள் இல்லாத தனிமை என்று யாரும் சொல்ல முடியாது. மெஸ்ஸில் சத்தம், வாட்ஸ்அப் குரூப்பில் சத்தம். ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணினா, "சாப்டியா கண்ணு?" "ம்." "என்ன சாப்பாடு?" "சப்பாத்தி." "சரி, வச்சர்றேன்." அந்தச் "சாப்டியா"வைக் கேலி பண்ண வேண்டாம். அது அம்மா அனுப்பும் பாக்கெட். "நீ அங்க இருக்கியா?" என்பதுதான் அதன் உள்ளடக்கம். நம்ம "ம்" அதுக்குச் சரியான பதிலா என்பதுதான் கேள்வி. அரியர் விழுந்ததை, பிளேஸ்மென்ட்டில் மூணாவது ரவுண்டில் வெளியே வந்ததை, ரூம்மேட்டுகள் தன்னை விட்டுட்டு சினிமாவுக்குப் போனதை அந்த "ம்"முக்குள்ள எத்தனை பேர் வச்சுப் பூட்டியிருக்கோம்?

மலைச்சாமிக்குப் பரிவட்டம் ஒரு வேலி. "எங்க குடும்பத்துல முதல் இன்ஜினியர்" என்ற பட்டமும் சில பேருக்கு அதே மாதிரி ஒரு வேலி. ஊரில் எல்லாரும் பெருமையாகப் பார்க்கிறாங்க. அங்கே போய் "எனக்கு இங்க பிடிக்கல" என்று எப்படிச் சொல்றது?

7. பயிற்சி

பாடம் என்று சொல்லிவிட்டு ஹோம்வொர்க் இல்லாமல் விட முடியாது. நாலே நாலு.

ஒன்று: பாட்டை ஹெட்போனில் மறுபடி கேளுங்க. ஆண் குரல், பெண் குரல் இரண்டில் எது பக்கத்தில் இருக்கிற மாதிரி, எது தூரத்தில் இருக்கிற மாதிரி கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்க. நேராக வரும் ஒலி அதிகமாகவும் சுவரில் பட்டு வரும் எதிரொலி குறைவாகவும் இருந்தால் காது "பக்கம்" என்று முடிவு செய்யும். விகிதம் மாறினால் "தூரம்". பாட்டு போகப் போக அந்தத் தூரம் மாறுகிறதா என்று பாருங்க.

இரண்டு: அவள் அவர் வரியை வாங்கும் ஒவ்வொரு இடத்தையும் நோட்டில் குறியுங்க. எத்தனை இடத்தில் அவருடைய மெட்டிலேயே பதில் சொல்கிறாள், எத்தனை இடத்தில் தன் மெட்டைக் கொண்டுவருகிறாள்? பக்கத்தில் இருக்கும் ஒருத்தரோட ஒப்பிட்டுப் பாருங்க, சண்டை வந்தால் நல்லது.

மூன்று: உடனே 'விச்சிட்டா லைன்மேன்' கேளுங்க. பாட்டு முடிந்ததும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி தோணுதா? அந்தப் பாக்கிதான் வீட்டுச் சுருதி. கீபோர்டு தெரிந்த நண்பரைக் கடைசியில் ஒரு எஃப் கார்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. வித்தியாசம் காதிலேயே தெரியும்.

நான்கு: இதுக்கு மார்க் கிடையாது. அடுத்த தடவை உங்க ரூமில் யாராவது காற்றில் ஒரு வரியை விடுவாங்க. "என்னமோ தெரியல மச்சான், தூக்கமே வரல" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொல்வாங்க. அது கேள்வி மாதிரியே இருக்காது. அப்போ மோட்டிவேஷன் ஸ்பீச் வேண்டாம், "எனக்கு இதைவிட மோசம்டா" என்று மெட்டை மாத்தவும் வேண்டாம். குயில் செய்த வரிசையில் போங்க. முதல்ல "என்னடா, ஏதோ மாதிரி இருக்க?" என்று அவன் மெட்டிலேயே கேளுங்க. யோசனை சொல்வதெல்லாம் கடைசியில், அதுவும் கொஞ்சமா. பெண்கள் ஹாஸ்டலுக்கும் இதே பாடம்தான்.

நம்ம கையை மீறிப் போற மாதிரி தெரிந்தால், அது உங்களுக்கு இருந்தாலும் நண்பருக்கு இருந்தாலும், 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கு. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம். அதுவும் ஒரு எசப்பாட்டுதான்.

விச்சிட்டாவின் லைன்மேன் 1968-லிருந்து அந்தக் கம்பத்து மேலேயே நிக்கிறான். அவனுக்கு நம்மால் பதில் பாட முடியாது. ஆனா நம்ம பிளாக்கில், நம்ம தோட்டத்து வீட்டில், போனுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒருத்தர் பாதிப் பாட்டைப் பாடிட்டு நிறுத்தியிருக்கலாம். இன்னைக்கு ராத்திரி "சாப்டியா?" என்று கேட்டால், "ம்" என்று சொல்லிட்டு வைக்காமல், "சாப்ட்டேன்மா. நீ சாப்டியா? இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா..." என்று ஒரு வரி கூடப் பாடிப் பாருங்க.